அலைகளுக்கோர் ஒத்திகை

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். பல ஆண்டுகளுக்கு முன், போடி மலையின் ஏலத்தோட்டம் ஒன்றில் என் தந்தையார் கணக்கராக இருந்தார். மழைக்கால இரவொன்றில் அவருக்கு நெஞ்சுவலி கண்டது. உடனிருந்தோர் கைப்பேசியில் எங்களை விடியும்வரை அழைத்தும் ஓர் அழைப்பும் வந்து சேரவில்லை. மறுநாள் ஜீப்பில் இறக்கி வந்தனர், உயிர் பிழைத்தார். "மலை மறைச்சிருச்சப்பா" என்றார்.

அச்சொல்லின் பொருளைப் பின்னாளில் பொறியியல் பயின்ற என் மாணவி விளக்கினாள். அவளது மடிக்கணினியில் 'என்எஸ்-3' என்னும் கட்டற்ற மென்பொருள் இருந்தது. 2008இல் வெளிவந்த அது, வலையமைப்புகளைக் கணினிக்குள்ளேயே இயக்கிப் பார்க்க உதவும் பாவனைக் கருவி. கோபுரத்தின் இடம், கைப்பேசிகளின் எண்ணிக்கை, மலையால் குறையும் அலைவலிமை ஆகியவற்றை எண்களாக உள்ளிட்டாள். திரையில் பல அழைப்புகள் அறுந்தன. கோபுரத்தை இடம் மாற்றினாள், அவை இணைந்தன. ஒரு கல்லும் நடாமல், ஒரு காசும் செலவிடாமல் பிழை திருந்தியது.

புதிய தலைமுறை வலையமைப்புக்கு இவ்வொத்திகை இன்னும் இன்றியமையாதது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். 5ஜியில் பயன்படும் 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கோ 1.15 சென்டிமீட்டர்தான். அது மிகுதியான தரவைச் சுமக்கவல்லது. ஆனால் சுவரும் அடர்ந்த இலையுமே அதற்குத் தடையாகிவிடும்.

எனினும், கணக்கு மட்டும் போதாது, களமும் வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் 220 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் உருவாக்கிய 5ஜி சோதனைக்களம், 2022 மே 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. திரையில் தேறிய கருத்துகளை மெய்யான கருவிகளில் சோதிக்க அது வழி செய்தது.

மாணவர்களே, பாவனைக் கருவி நாம் கேட்டதற்கே விடை தரும். நாம் உள்ளிடாத மலையை அது அறியாது. நாம் எண்ணாத மனிதரையும் அறியாது. நாளை உங்களுள் ஒருவர் அத்திரையின் முன் அமரக்கூடும். அப்போது நகரத்து மாடிகளோடு, மழையில் நனையும் ஏலத்தோட்டத்தின் ஒற்றைக் கைப்பேசியையும் ஒரு புள்ளியாக இடுங்கள். அப்புள்ளிக்குப் பின்னால் ஒரு தந்தை இருக்கலாம்.