குத்து விழுந்தது, விளக்கு எரியவில்லை

சென்னையில் ஒரு வாள்வீச்சுப் போட்டி. ஆட்டம் பார்க்கத்தான் போனேன். ஆனால் பாதி நேரம் அரங்கின் மூலையில் கிடந்த ஒரு மேஜையருகே நின்றுவிட்டேன். மேஜை மேல் மல்டிமீட்டர், நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோல் சின்னஞ்சிறு திருப்புளிகள், மாத்திரை டப்பாவில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய திருகுகள், கீழே விழுந்தால் தேடி எடுக்க ஒரு காந்தம். பின்னால், மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஓர் ஐம்பது வயதுக்காரர். வாள்களைப் பழுது பார்க்கும் இவரைப் போட்டிக்காரர்கள் ‘ஆர்மரர்’ என்கிறார்கள்.

வியர்வை வழிய ஒரு சிறுமி ஓடி வந்தாள்.

“அண்ணா, குத்து நல்லா விழுது. லைட்டுதான் வரல.”

“பாடி வயர மாத்திப் பாத்தியாம்மா?”

பார்க்கவில்லை. வாளை எதிராளியோடும், குத்து விழுந்தால் விளக்கை எரியவைக்கும் எந்திரத்தோடும் இணைக்கும் மின்சுற்று, உடைக்குள் ஓடும் அந்த வயர் வழியாகத்தான் போகிறது. பிளக்குக்குள் நுழையும் இடத்தில் அது மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்துபோகும், வெளியே தெரியாது. பழுதென்று வரும் வாள்களில் பலவற்றில் வாள்மேல் குற்றமே இருப்பதில்லை. அதனால் அவர் முதலில் வாளைத் தொடுவதில்லை. அன்று வயர் நன்றாகவே இருந்தது. பிறகுதான் வாள் அவர் கைக்குப் போனது.

அவள் கொண்டுவந்தது எப்பே; ஃபாயில், சேபர் என்பவை மற்ற இரண்டு வாள் வகைகள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலேயே மின்சாரத்துக்கு மாறிய வாள் அது. ஃபாயில் 1956இலும் சேபர் 1992இலும் ஒலிம்பிக்கில் அதைப் பின்தொடர்ந்தன. எப்பேயின் முனையில் ஒரு சிறு பொத்தான். அலகின் பள்ளத்தில் பசைபோட்டு ஒட்டிய இரண்டு மெல்லிய கம்பிகள் கைப்பிடிவரை வருகின்றன. பொத்தான் அமுங்கினால் இரண்டும் சேரும், விளக்கு எரியும். ஃபாயில் இதற்கு நேர்மாறு: ஒரே கம்பி, எப்போதும் மூடிய சுற்று, குத்தினால் அறும். ஆகவே கம்பி அறுந்த ஃபாயில் சும்மா நிற்கும்போதே வெள்ளை விளக்கை எரியவிட்டு ஊரைக் கூட்டும்; எப்பேயோ வாயை மூடிக்கொள்ளும். சேபரில் முனைப் பொத்தானும் கிடையாது, அலகில் கம்பியும் கிடையாது. அலகே மின்கடத்தி என்பதால் மேஜைக்கு வரும் தொல்லையும் குறைவு.

எப்பேயின் முனையைக் கழற்றினார். உள்ளே இரண்டு ஸ்ப்ரிங். பெரியது எடையைத் தாங்குவது; மயிரிழை போன்ற சின்னது கம்பிகளைச் சேர்ப்பது. சின்னதில் பச்சை படிந்திருந்தது. வியர்வையின் வேலை. வேறொன்றை மாட்டி, வாளை நிமிர்த்தி, முனைமேல் 750 கிராம் எடையை வைத்து அமுக்கினார், விளக்கு எரிந்தது. கையை எடுத்ததும் ஸ்ப்ரிங் அந்த எடையைத் தூக்கிவிட்டது, விளக்கு அணைந்தது. (ஃபாயிலுக்கு 500 கிராம் போதும்.) பிறகு 1.5 மில்லிமீட்டர் தகடு பொத்தானுக்கும் குழலுக்கும் நடுவே நுழைகிறதா என்று பார்த்தார். அடுத்தது 0.5 மில்லிமீட்டர் தகடு: அதை நடுவில் வைத்து அழுத்தும்போது விளக்கு எரியவே கூடாது. எரிந்தது. சின்ன ஸ்ப்ரிங்கைத் துளி குறுக்கி மறுபடி பார்த்தார். எரியவில்லை. வேலை முடிந்தது, சிறுமி ஓடிவிட்டாள்.

கம்பியே அறுந்திருந்தால் இப்படி நின்றபடி முடியாது. கைப்பிடி, கைக்காப்பு எல்லாம் கழற்றி, பள்ளத்துப் பழைய பசையை அசிட்டோனில் ஊறவைத்துச் சுரண்ட வேண்டும். புதுக் கம்பியை இழுத்துப் பிடித்து, பள்ளம் வெளிப்பக்கம் வருமாறு அலகை வில்லாக வளைத்தால்தான் கம்பி அடியில் படியும். பசை காயும்வரை அப்படியே. அவசரப்பட்டால் அடுத்த வாரமே வாள் மேஜைக்குத் திரும்பும்.

கைக்காப்பின் துருவையும் அவர் விடுவதில்லை. எதிராளியின் கைக்காப்பில் பட்ட குத்துக்கு விளக்கு எரியக் கூடாது. துரு மின்சாரத்தைத் தடுத்தால் எரிந்துவிடும். புள்ளி தவறானவருக்குப் போகும். அழுக்கு செய்யும் இந்தப் பொய்யை ஒருவர் வேண்டுமென்றே செய்ததுண்டு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில், வாள்வீச்சும் அடங்கிய நவீன பென்டத்லான் போட்டியில், சோவியத் வீரர் போரிஸ் ஒனிஷ்சென்கோவின் வாள் யாரையும் தொடாமலே விளக்கை எரித்தது. பிரிட்டன் அணி முறையிட, வாளைப் பிரித்தார்கள். பிடிக்குள் ஒரு ரகசிய சுவிட்ச். அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

நம் ஊரில் பிரச்சினை சுவிட்ச் அல்ல, விலை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடி, வாள்வீச்சில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியரான சென்னையின் பவானி தேவி, தொடக்க நாட்களில் மூங்கில் குச்சிகளால் பழகியவர். மின் வாளைப் போட்டிக்கென்று பத்திரப்படுத்தினார்கள். வாளுக்கே இந்தப் பாடென்றால் உதிரி ஸ்ப்ரிங் வாங்கி வைக்க யாருக்குத் தோன்றும்?

அன்று மாலைவரை அந்த மனிதர் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. வந்த வாள்களில் பாதிக்கும் மேல், ஈர உடையோடு பையில் சுருட்டிவைத்ததால் கெட்டவை என்றார். பயிற்சியாளர்கள் இதை ஒரு விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளட்டும்: ஆட்டம் முடிந்ததும் அலகைத் துடைக்கவும், முனைத் திருகை மாற்றவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஒரு மணி நேரம் போதும்.