அரை கிரௌன் ஜன்னல்

அரை கிரௌனுக்கு மேல் யாரும் தரக்கூடாது. 1963இல் வேல்ஸ் நாட்டின் ‘வெஸ்டர்ன் மெயில்’ பத்திரிகை நன்கொடை கேட்டபோது போட்ட நிபந்தனை அது. அன்றைய பிரிட்டிஷ் நாணயத்தில் எட்டு அரை கிரௌன் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. யாரோ ஒரு செல்வந்தர் காசோலை எழுதி ஒரே நாளில் காரியத்தை முடித்துவிடக் கூடாது என்று நினைத்தார் ஆசிரியர் டேவிட் கோல்.

போன மாதம் சிகாகோவிலிருந்து தம்பி முறை ஆகிற ஒருவன் பேசினான். கட்டட வடிவமைப்பாளன். கறுப்பின மக்களின் பழைய சபை ஒன்று, தங்கள் வரலாற்றைச் சொல்லும்படி ஆலயத்துக்குள்ளேயே ஏதாவது செய்து தரச் சொல்லியிருக்கிறது. “அண்ணே, எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே புரியல” என்றான். எனக்கு உடனே ஞாபகம் வந்தது இந்தக் காசுதான். அவனிடம் அதைச் சொல்ல ஆரம்பித்தேன். பேச்சு முடிந்து போனை வைத்த பிறகும் எனக்குள் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அந்தக் காசின் கதை தொடங்குவது அலபாமா மாநிலம் பர்மிங்காமில். அங்கே பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயம் இருக்கிறது. அதை வரைந்தவர் வாலஸ் ரேஃபீல்ட் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். இரண்டு கோபுரங்களோடு 1911இல் எழும்பியது. எதிரே கெல்லி இங்க்ராம் பூங்கா. 1963 மே மாதம் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியதும் நாய்களை ஏவியதும் அந்தப் பக்கத்தில்தான். நான் அங்கே போயிருந்தபோது பூங்காவில் யாரோ மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் அதுபாட்டுக்கு இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வருஷம் செப்டம்பர் 15, ஞாயிறு. காலை 10:22. படிக்கட்டுக்குக் கீழே வைத்த டைனமைட் வெடித்தது. ஆடி மே காலின்ஸ், கரோல் ராபர்ட்சன், சிந்தியா வெஸ்லி மூவருக்கும் பதினான்கு வயது; டெனீஸ் மெக்நேருக்குப் பதினொன்று. கீழ்த்தளத்தில் பெண்கள் அறையில் நின்று உடை திருத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைய ஞாயிறு பள்ளிப் பாடத்தின் தலைப்பு ‘மன்னிக்கும் அன்பு’. ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னலில் சட்டமும் கண்ணாடியும் பெரும்பாலும் நின்றுகொண்டன, இயேசுவின் முகம் மட்டும் பெயர்ந்து விழுந்துவிட்டது. முகம் இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம். அந்தப் புகைப்படத்தை முதலில் பார்த்தது கல்லூரி நூலகத்தில், கெட்டி அட்டை போட்ட ஒரு பழைய புத்தகத்தில். பக்கத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜான் பெட்ஸ் செய்தியை வானொலியில் கேட்டார். வேல்ஸின் கடலோரம் லான்ஸ்டெஃபன் என்ற ஊரில் கண்ணாடி வேலை செய்துகொண்டிருந்தவர். உலகப்போரில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று மறுத்தவர். பிள்ளைகளைப் பெற்றவனாக ஒரு துக்கம், நொறுங்கிய ஜன்னல்களை எண்ணிக் கைவினைஞனாக இன்னொரு துக்கம். இரண்டும் சேர்ந்து வந்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டாவது துக்கத்தைச் சொல்லக் கூச்சப்படாததால்தான் எனக்கு அவர்மேல் மரியாதை. தன் கையால் என்ன முடியும் என்று யோசித்தார், அந்த ஆலயத்துக்கு ஒரு ஜன்னல் செய்து தரலாம் என்று ‘வெஸ்டர்ன் மெயில்’ ஆசிரியரைக் கூப்பிட்டார். சுமார் 900 பவுண்டு சேர்ந்தது. கணக்குப் போட்டால் ஏழாயிரம் பேருக்காவது அதில் பங்கு இருக்க வேண்டும். கார்டிஃபின் துறைமுகக் குடியிருப்பான டைகர் பேயில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்து கைச்செலவுக் காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

1965இல் அந்த ஜன்னல் ஆலயத்தில் பொருத்தப்பட்டது. மாடத்துக்கு மேலே, நீலத்துக்கு நடுவே, கைகளை விரித்து நிற்கும் கறுப்பு இயேசு. தலை சரிந்திருக்கிறது. தலைக்கு மேல் வானவில். ஒரு கை அநீதியைத் தள்ளுகிறது, மறு கை மன்னிப்பை நீட்டுகிறது. கீழே மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்திலிருந்து சில சொற்கள். அந்த உடல் வளைந்து நிற்பதைப் பார்க்கையில் எனக்குச் சிலுவை நினைவு வருவதற்கு முன்னால், எதிர்ப் பூங்காவில் தண்ணீர் அடித்துத் தள்ளிய பிள்ளைகள்தான் தெரிந்தார்கள். நீட்டிய கையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நான் தள்ளும் கையைத்தான் அதிகம் பார்த்தேன். கொலையாளிகளில் முதல் ஆளைத் தண்டிக்க 1977 வரை ஆயிற்று. மேலும் இருவருக்கு 2001, 2002. அதற்கு முன்பே மன்னிக்கும்படி மட்டும் சொல்லியிருந்தால் அது அந்தச் சபைக்குச் செய்த இன்னொரு கொடுமையாகியிருக்கும்.

பர்மிங்காம் என்றதும் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் நினைவு வந்துவிடுகிறது. அவர் 1955இல் அங்கே பிறந்தவர். குண்டு வெடித்த அதே 1963இல் குடும்பம் லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. கறுப்பு மனிதர்களைக் கறுப்பாகவே, மழுப்பாமல், கன்னங்கரேலென்று தீட்டும் ஓவியர். வாஷிங்டன் தேசியப் பேராலயம் அவரை ஜன்னல் வரையக் கேட்டபோது அவர் சொன்ன கூலி 18 டாலர் 65 சென்ட். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த ஆண்டு 1865. மறுபடி சில்லறைக் காசு!

அந்த இடத்தில் முன்பு இருந்தவை 1953இல் வைத்த ஜன்னல்கள். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதிகள் லீயும் ஜாக்சனும் அவற்றில் புனிதர்களைப் போல நின்றார்கள். கொடுத்தவர்கள் தென்மாநிலப் படைவீரர்களின் வழிவந்த பெண்கள் அமைப்பினர். 1968 மார்ச் 31 அன்று மார்ட்டின் லூதர் கிங் தன் கடைசி ஞாயிறு பிரசங்கத்தை அந்தப் பேராலயத்தில்தான் நிகழ்த்தினார். நாலு நாளில் கொல்லப்பட்டார். அவர் பேசிய அன்று அந்தத் தளபதிகளும் அதே கூரையின் கீழ் வெயிலில் மின்னிக்கொண்டிருந்திருப்பார்கள். 2015இல் சார்ல்ஸ்டன் இமானுவேல் ஆலயத்தில் வேதபாடத்துக்குக் கூடியிருந்த ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் பேராலயத்துக்கு அது உறுத்தியது. 2017இல் கழற்றினார்கள். 2023 செப்டம்பரில் மார்ஷலின் ஜன்னல்கள் வந்தன. அவற்றில் ஊர்வலம் போகிறவர்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். நியாயம் கேட்கும் அட்டை, மறுக்கும் அட்டை. பல முகங்கள் அட்டைக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. தலைவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. அங்கே வந்து நிற்கிற யாருடைய பாட்டியும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

வடிவமைக்காமலே ஆன நினைவுச் சின்னமும் உண்டு. ஜார்ஜியாவின் சவானாவில் முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் ஆலயத்தின் கீழ்த்தளப் பலகைத் தரையில் வைரவடிவில் துளைகள் இருக்கின்றன. தப்பி ஓடிய அடிமைகள் தரைக்கு அடியில் ஒளிந்திருக்கையில் மூச்சு விட வைத்தவை என்று சபையார் சொல்கிறார்கள். எந்தக் கலைஞன் அதற்குமேல் ஒன்றைச் சேர்க்க முடியும்? அதைத் தம்பியிடம் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அவன் ஊரிலேயே நியூ மவுண்ட் பில்க்ரிம் சபை இருக்கிறது. ஐரிஷ் கத்தோலிக்கர் கட்டிய கோயில், 1990களில் கறுப்பின பாப்டிஸ்டுகள் கைக்கு வந்தது. பழைய கண்ணாடிக்குப் பதிலாக அவர்கள் வைத்த ஜன்னலில் ஒரு கறுப்பு உருவம். அதன் மார்பே அடிமைக் கப்பல், உள்ளே அடுக்கி வைத்த உடல்கள். அதன் முன்னால்தான் ஞாயிறுதோறும் பாடுகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், பிணம் வைத்து அழுகிறார்கள். அருங்காட்சியகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். இங்கே அப்படி முடியாது. வைக்கிற பொருளோடு ஒரு சபை வயதாக வேண்டும். அதனால்தான் யார் காசு, யார் முகம் என்ற இரண்டையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்கிறேன்.

பர்மிங்காமில் அந்த 10:22 மணிக்கு ஐந்தாவதாக ஒரு சிறுமியும் அறையில் இருந்தாள். ஆடி மேயின் தங்கை சாரா காலின்ஸ். பன்னிரண்டு வயது. உயிர் பிழைத்தாள், வலக்கண் போயிற்று. இறந்த நால்வருக்குச் சிலையும் ஜன்னலும் வந்தன. அலபாமா ஆளுநர் சாராவிடம் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

தம்பிக்கு அன்றிரவு எழுதினேன். ஆளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்து, சபையாரிடமே காசு வாங்கு. ஆனால் அதற்கு முன்னால், அந்த ஆலயத்தில் எண்பதைத் தாண்டியவர்கள் யார் யார் என்று கேட்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போ. இறுதிச் சடங்கில் கொடுத்த நினைவுப் புத்தகங்களை அவர்கள் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்திருப்பார்கள், படத்தோடு. சவ அடக்க நிலையங்கள் அச்சடித்துக் கொடுத்த கைவிசிறிகள் இருக்கும். வாசலில் வரவேற்பவர்கள் போட்ட வெள்ளைக் கையுறைகள் இருக்கும். எதையும் கேட்டு வாங்கிவராதே, அவர்கள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திரு. கண்ணாடியா மரமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.