வாசலுக்கு வெளியே ஒரு வழக்கறிஞர்

கிள்ளானில் என் அலுவலகம் முதல் மாடி. லிஃப்ட் கிடையாது. அதனால் 2011இல் ஓர் அண்ணனை முதலில் சந்தித்தது கீழே, அஞ்சடி நடைபாதையில். மின் சக்கர நாற்காலியில்தான் வந்திருந்தார், ஆனால் அதை மகன் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தான்.

அவருக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஃபோர்க்லிஃப்ட் சாய்ந்ததில் இரண்டு கால்களும் போயின. நிரந்தர ஊனத்துக்கான சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம், மீதி ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். அப்படி எடுத்த தொகையிலிருந்து 5,200 ரிங்கிட் கொடுத்து அந்த நாற்காலியை வாங்கியிருந்தார். வீட்டுக்கு முன்னால் செம்மண் மேடு. நாற்காலி பாதி மேட்டில் நின்று, பின்னால் உருளும். கடைக்காரரைக் கேட்டால், இது வீட்டுக்குள் ஓட்டுவது என்றாராம். ரசீதின் அடியில் சின்ன எழுத்தில், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று மலாயில் அச்சடித்திருந்தார்கள்.

மகன் மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தான். படித்த பிள்ளை. அதில் உரிமைகள் வரிசையாக இருந்தன, மீறினால் தண்டனை என்று ஒன்றும் இல்லை. பார்க்க அழகான சட்டம். எனக்கு அதன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

நான் எடுத்தது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். இப்படி ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் ஒருவர் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியராக இருந்த எஸ். சோதி ராச்சகன். அதன் 33ஆம் பிரிவின்படி, எந்தத் தேவைக்கு வாங்குகிறோம் என்று கடையில் சொல்லிவிட்டால், பொருள் அந்தத் தேவைக்கு உதவியாக வேண்டும். ரசீதில் என்ன அச்சடித்தாலும் சட்டத்தை மீற முடியாது.

"கடையில மேட்டப் பத்தி சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேனே தம்பி. ஃபோன்ல படமே காட்டினேன்."

அந்தப் படம் போதும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 ரிங்கிட்தான் கட்டணம். உரிமைகோரல் வரம்பு அப்போது 25,000 ரிங்கிட் (2019இல் 50,000 ஆனது). ஒரே சிக்கல், அங்கே வழக்கறிஞர் வாதாடக் கூடாது. 'இயலாமை உள்ளவர்' சார்பில் வேறொருவர் பேசலாம் என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. மகன் அதைக் காட்டிக் குதித்தான். சட்ட மொழியில் அது சிறுவர்களையும் சித்தம் தெளிவில்லாதவர்களையும் குறிக்கும், கால் இல்லாதவரை அல்ல என்றேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

விசாரணை நாளில் நான் வெளியே பெஞ்சில். உள்ளே அவர் குரல் மட்டும் கேட்டது. நான் எழுதிக்கொடுத்த மலாய் வாக்கியங்களில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. "துவான், ருமா சாயா தானா மேரா" என்று தொடங்கினார். ஐயா, என் வீடு செம்மண். அப்புறம் மோட்டார் உறுமும் சத்தம். தலைவர் முன்னால் நாற்காலியை ஓட்டிக் காட்டுகிறார் போல. என் முப்பது பக்கக் கோப்பு மடியிலேயே கிடந்தது.

முழுப் பணத்தையும் 14 நாளில் திருப்பித் தர உத்தரவானது. தராவிட்டால் அது குற்றம். கடைக்காரர் பதின்மூன்றாம் நாள் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த நாற்காலி வாங்கும்போது அண்ணன் கடைக்கே போகவில்லை. விற்பவரை வேனோடு வீட்டுக்கே வரவழைத்து, அவரையே உட்காரவைத்து, மேட்டில் மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னாராம்.