12 வோல்ட் கட்டம்

வெள்ளானூரில் என்னிடம் கேமிங் கம்ப்யூட்டர் கட்ட வருபவர்களில் இன்ஜினியரிங் மாணவர்கள்தான் அதிகம். "அண்ணா, எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தொடங்குவேன். பையன்களின் முகம் வாடிவிடும். விளையாட்டில் ஒரு எஃப்பிஎஸ்கூடக் கூட்டாத பெட்டிக்கு யார்தான் ஆசையாகக் காசு கொடுப்பார்கள்?

சென்னை ரிச்சி தெருவில் கேபினட் வாங்கினால் சில கடைகளில் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்தே வரும். மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். 18 ஆம்பியர் என்றால், 12 பெருக்கல் 18, வெறும் 216 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த லைனில்தான் கரண்ட் இழுக்கும். ரைசன் 5 5600க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழுவீச்சில் 76 வரை போகும். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132. இரண்டும் சேர்ந்தே 208 வந்துவிட்டது. ஃபேன்கள் இன்னும் பாக்கி. ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கட்டத்தில் 36 ஆம்பியரை ஒட்டி இருக்கும்.

80 பிளஸ் முத்திரை இருந்தால் போதுமா என்பார்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. சோதிப்பதும் 23 டிகிரி வாக்கில். சித்திரை வெயிலில் நம்மூர் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை அப்படியா இருக்கிறது? அதனால் கணக்குக்கு மேல் ஒரு படி கூட்டியே வாங்கச் சொல்வேன். வாரண்டி எத்தனை வருடம் என்றும் பார்க்கச் சொல்வேன்.

கேபினட்டுக்கு முன்பக்கம் வலை இருக்க வேண்டும். முகப்பை முழுக்கக் கண்ணாடியால் அடைத்தால் காற்று எங்கிருந்து நுழையும்? வெளிவட்டச் சாலைப் பக்கம் குடியிருந்தால் கழற்றிக் கழுவுகிற தூசி ஃபில்டரும் வேண்டும். கலர் லைட் பிறகு.

கையில் காசு குறைவு, வாலரன்ட் மட்டும்தான் ஆடுவேன் என்றால் ரைசன் 5 5600ஜி போதும். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது ராமைத்தான் வீடியோ மெமரியாகப் பயன்படுத்தும். ஒரே 16 ஜிபி குச்சி போடாமல் இரண்டு 8 ஜிபி போடுங்கள், வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அடுத்த வருடமே கார்டு வாங்கும் எண்ணமிருந்தால் 5600ஜி வேண்டாம். அதன் எல்3 கேஷ் 16 எம்பிதான், 5600இல் 32.

பழைய கார்டா? 2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ மைனிங் நின்றதும் ராப்பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே நான் ஒதுக்குவதில்லை. ஃபேனை விரலால் சுழற்றிப் பார்ப்பேன். அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டிச் சூட்டைக் கவனிப்பேன். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் விலை பேசுவதில்லை.