இருட்டைத் தோண்டி வெளிச்சம் எடுக்கும் ஊர்

செஞ்சிப் பக்கம் விருந்தாளியாகச் செல்வோரை உறவினர் முதலில் அழைத்துச் செல்லும் இடம் கோட்டைதான். ராஜகிரியின் உயரத்தையும், கீழ்க்கோட்டையிலுள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் அமைதியையும் கண்டு வியந்து திரும்புகிறோம். 2025ஆம் ஆண்டு இக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று; மகிழ்ச்சியே. ஆனால், மக்ரிபு நேரத்தில் அருகிலுள்ள வல்லத்தில் வீடுதோறும் விளக்குகள் ஒளிர்கின்றனவே, அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? அதில் ஒரு பங்கு, செஞ்சியைப் போலவே 1993 வரை பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த ஓர் ஊரிலிருந்து வருகிறது. அவ்வூர் நெய்வேலி.

வாருங்கள், போய் வருவோம். செஞ்சியிலிருந்து விழுப்புரம் வந்து, பண்ருட்டி வழியாகத் தெற்கே செல்ல வேண்டும். பண்ருட்டியைத் தாண்டியதும் மண் சிவக்கிறது. இருமருங்கும் முந்திரித் தோப்புகள். பருவகாலமாயின் சாலையோரம் பலாப்பழக் குவியல்கள். இந்தச் செம்மண்ணுக்குக் கீழே கருமை இருக்கிறது என்று யார்தாம் நினைத்திருப்பார்கள்?

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கரிய பொருளும் வெளிப்பட்டது. அதை வீசியெறியாமல் ஆராயச் செய்தார் அவர். பின்னர்ச் சுரங்கப் பணிக்காகத் தம் நிலத்தில் பெரும்பகுதியைக் கொடையாகவும் வழங்கினார். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். எனினும் 1961 வரை நிலக்கரி கண்ணுக்குத் தென்படவில்லை. அத்தனை ஆழம்! நான்கு ஆண்டுகள் மண்ணை மட்டுமே அள்ளிக்கொண்டிருந்தவர்களின் பொறுமையை நினைத்துப் பாருங்கள்.

சுரங்கம் என்றதும் விளக்கேந்தி இருண்ட குகைக்குள் இறங்கும் மனிதர்கள் நம் நினைவுக்கு வருவர். நெய்வேலி அப்படியன்று. இது திறந்தவெளிச் சுரங்கம். விளிம்பில் நின்று பார்த்தால், ஓர் ஊரையே உள்ளே வைத்துவிடலாம் போன்ற பள்ளம் படிப்படியாக இறங்குகிறது. வாளிகள் பொருத்திய இராட்சதச் சக்கரங்கள் சுழன்று மண்ணை வெட்டுகின்றன. கன்வேயர் பட்டைகள் அதனை ஏந்திச் சென்று மலைபோல் குவிக்கின்றன. ஒரு டன் நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டியுள்ளது.

மண்ணைவிடப் பெரிய சோதனை தண்ணீர். நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்துடன் ஊற்று நீர் நிற்கிறது. மேலேயுள்ள சுமையை அகற்றினால் அது பீறிட்டெழுந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். ஆகவே இரவும் பகலும் ஓயாமல் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்கிறார்கள். அந்நீர் மின் நிலையத்துக்கும் பாசனத்துக்கும் பயன்படுகிறது. ஆனால் சுற்றுப்புறச் சிற்றூர்களிலோ, "எங்கள் கிணற்று நீர் ஆழத்துக்குப் போய்விட்டது" என்னும் முறையீடு நெடுங்காலமாக ஒலிக்கிறது.

பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். தொலைவுக்கு ஏற்றிச் சென்றால் கட்டுப்படியாகாது. அதனால்தான் சுரங்கத்தின் வாயிலிலேயே அனல் மின் நிலையங்களை அமைத்தனர். சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த முதல் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, 600 மெகாவாட் திறன் வரை வளர்ந்து, 2020இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை 1000 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையம் ஏற்றுள்ளது. அக்காலத்தில் 'லெக்கோ' என்னும் கரிக்கட்டிகளும் இங்கிருந்தே வந்தன. அந்தக் கரி கனன்ற அடுப்பு நம் வீட்டு மூத்த பெண்மணிகள் சிலருக்கு இன்னும் நினைவிருக்கலாம்.

நகரியத்துக்குள் நுழைந்தால் வேறோர் உலகம். வட்டம், வட்டமாகப் பிரிக்கப்பட்ட குடியிருப்புகள், நேரான சாலைகள், நிழல் மரங்கள், பள்ளிக்கூடங்கள், மருத்துவமனை, கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. 'ஷிப்டு' மாறும் நேரத்தில் சாலையில் பெருகும் சைக்கிள்களும் இருசக்கர வாகனங்களுமே மணி சொல்லிவிடும். பெருநாள் இரவானாலும் தீபாவளி இரவானாலும் சக்கரம் நிற்பதில்லை. நாம் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் வேளையில், யாரோ ஒரு தந்தை கொதிகலனின் அருகே நிற்கிறார்.

அப்படி நின்றவர்களுள் பத்துக்கும் மேற்பட்டோர், 2020 ஜூலையில் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது உயிரிழந்தனர். அவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. நிரந்தரப் பணியாளருக்கு வட்டத்தில் வீடு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த நிழல் எளிதில் கிட்டுவதில்லை.

சுரங்கம் நகர்ந்துகொண்டே இருப்பது. ஓரிடத்தில் கரி தீர்ந்தால் அடுத்த நிலத்தை நாடும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் விடும் நிலையிலிருந்த நெற்பயிரின் நடுவே கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கிய காட்சி தமிழகத்தையே உலுக்கிற்று. அந்நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். "அறுவடை வரையேனும் பொறுக்கலாகாதா?" என்று கேட்டனர் உழவர். சட்டத்தின் கணக்கு முடிந்த இடத்தில் மனத்தின் கணக்கு முடிவதில்லை. நிலத்தின் விலையைப் பணமாகத் தரலாம். முன்னோரின் அடக்கத்தலத்தையும், பிள்ளைகள் நீந்திய குளத்தையும் எந்தப் பணம் திருப்பித் தரும்?

இப்படிச் சொல்வதால் நெய்வேலியைக் குறை கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். வறண்ட முந்திரிக் காட்டில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு உணவும் கல்வியும் தந்த ஊர் அது. நம் தையல் இயந்திரமும் நம் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்த இரவுகளும் அதற்குக் கடன்பட்டவை. கடன் பட்டவர்கள் நாம் என்பதுதான் சொல்ல வந்தது.

கடனை எப்படி அடைப்பது? நிலம் கொடுத்தவருக்கு வேலையும் மறுவாழ்வும் முறையாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்கும் குரலோடு நம் குரலையும் சேர்க்கலாம். அதற்கு முன் வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. ஆளில்லா அறையில் மின்விசிறி சுழலும்போது, எங்கோ ஒருவருடைய வயல் சிறிது சிறிதாகக் கரைகிறது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் நீரை வீணாக்காதே என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். மின்சாரத்துக்கும் அது பொருந்தும் அன்றோ?

இன்றிரவு உறங்கச் செல்லுமுன் கடைசி விளக்கை அணைக்கும் பிள்ளையிடம் நெய்வேலியின் கதையைச் சொல்லுங்கள். அடுத்த முறை செஞ்சிக் கோட்டையைக் காட்ட அழைத்துச் செல்லும்போது, அப்படியே தெற்கே திரும்பி அந்தப் பள்ளத்தின் விளிம்பிலும் ஒரு முறை நிறுத்திக் காட்டுங்கள்.