சைமன் போனா சங்கீதம் போயிடுமா?

ஒரு கேள்வி பாஸ். உங்க லேப்ல இருக்கற வெர்னியர் காலிபர்ல 'ஜீரோ எரர்' இருந்தா, அதைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவீங்களா? மாட்டீங்க. எவ்வளவு எரர்னு தெரிஞ்சா போதும்... கூட்டியோ கழிச்சோ சரி பண்ணிட்டு ரெக்கார்டு நோட்டை நீட்டிடலாம். ரீடிங்குக்கு ரீடிங் எரர் மாறிக்கிட்டே இருந்தாத்தான் தலைவலி.

'அமெரிக்கன் ஐடல்' ஜட்ஜுகளைப் பற்றி எழுத வந்தவ எதுக்கு வெர்னியரோட வந்து நிக்கறான்னு முறைக்காதீங்க. காரணம் இருக்கு.

2002 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் அந்த ஷோ ஆரம்பிச்சப்ப நான் பிறக்கவே இல்லை. என் சித்தி காலேஜ் படிக்கும்போது ஸ்டார் வேர்ல்டுல பார்த்தாங்களாம். எனக்கு வாய்ச்சது ஹாஸ்டல் வைஃபை. ராத்திரி ஒரு மணிக்கு மேலதான் அது கொஞ்சம் மூச்சு விடும். அந்த நேரத்துல யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்தே பாதி சரித்திரத்தை முடிச்சிட்டேன். இந்த உழைப்பை 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்'ல காட்டியிருந்தா அம்மா சந்தோஷப்பட்டிருப்பாங்க.

முதல்ல இருந்த ஜட்ஜுகள் மூணு பேர். ரெக்கார்டு கம்பெனிக்காரர் சைமன் கோவெல், பாடகியும் டான்ஸ் மாஸ்டருமான பாலா அப்துல், பேஸ் கிடார் வாசித்து அப்புறம் தயாரிப்பாளரான ராண்டி ஜாக்சன். சைமன் திட்டுவார், பாலா தட்டிக்கொடுப்பார், ராண்டி நடுவில் நின்று 'பிட்சி' என்பார். அதாவது சுருதி தள்ளாடுதாம். ஏழு சீஸன் இதே கூட்டணி. ஒரு பாட்டு முடிஞ்சதும் யார் என்ன சொல்லப் போறாங்கன்னு பாதி நேரம் நமக்கே தெரிஞ்சுடும். அது போரடிக்கற விஷயமாச்சேன்னு தோணும். ஆனா அங்கேதான் என் வெர்னியர் வருது.

சைமனுக்கு ஜீரோ எரர் ஜாஸ்தி. எல்லாரையும் ரெண்டு மார்க் குறைச்சுத்தான் போடுவார். ஆனா வருஷா வருஷம் அதே ரெண்டு மார்க். அதனாலதான் அவர் ஒருத்தரைப் பாராட்டினா அதுக்கு எடை இருந்தது. 2005-ல ஓக்லஹோமாவில் இருந்து வந்த கேரி அண்டர்வுட்டைப் பார்த்து, நீ ஜெயிக்கறது மட்டுமில்லை, இதுக்கு முன்னாடி ஜெயிச்சவங்க எல்லாரையும் விட உன் ஆல்பம் அதிகம் விற்கும்னு ஷோ நடந்துக்கிட்டிருக்கும்போதே சொல்லிட்டார். ரெண்டும் பலிச்சது. சும்மா எல்லாருக்கும் 'சூப்பர்' போடறவர் சொல்லியிருந்தா யார் கண்டுக்கப் போறாங்க?

2009-ல ஆரம்பிச்சது ஆட்டம். பாடலாசிரியர் காரா டியோகார்டியை நாலாவது ஜட்ஜா உட்கார வெச்சாங்க. ஒத்தைப்படையை இரட்டைப்படை ஆக்கினா ரெண்டுக்கு ரெண்டுன்னு இழுபறி வரும்னு ஆறாம் வகுப்புப் பையனுக்கே தெரியும். அதை விட பெரிய தலைவலி, நேரம். நாலு பேரும் பேசிப் பேசியே அந்த ஏப்ரலில் ஒரு எபிசோட் நேரத்தைத் தாண்டி ஓடிருச்சு. ஷோவை ரெக்கார்டு பண்ணி வெச்சவங்களுக்குக் கடைசியா பாடின ஆடம் லாம்பர்ட்டின் பாட்டு கட்! அடுத்த வாரமே ஒரு பாட்டுக்கு ரெண்டு ஜட்ஜ்தான் பேசணும்னு வாயைக் கட்டினாங்க.

அப்புறம் ஒரே மியூசிக்கல் சேர்தான். பாலா கிளம்ப, 2010-ல காமெடி, டாக் ஷோவில் பேர் வாங்கின எலன் டிஜெனரஸ் வந்தார். ஒரே சீஸனில் விடைபெற்றார். அதே வருஷம் சைமனும் அவுட். 2011-ல ஜெனிஃபர் லோபஸும் 'ஏரோஸ்மித்' ஸ்டீவன் டைலரும். 2013-ல மரியா கேரி, நிக்கி மினாஜ், கீத் அர்பன். இதில் மரியாவும் நிக்கியும் போட்ட சண்டை, பாடின பிள்ளைங்களை விட அதிகமா பேசப்பட்டது. எனக்கு அந்த சீஸன்ல ஜெயிச்ச கேண்டிஸ் க்ளோவர் குரல் ரொம்பப் பிடிக்கும். ஆனா தேடினா முதல்ல வந்து நிக்கறது சண்டை வீடியோதான். கொடுமை!

'சைமன் போனதும் ஷோ செத்துடுச்சு'ன்னு ஒரு கோஷ்டி சொல்லும். 2016-ல ஃபாக்ஸ் நிறுத்தினதையும் சாட்சிக்குக் கூப்பிடும். நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். காரணம், ஆடிஷனும் ஹாலிவுட் சுற்றும் முடிஞ்சப்புறம் முடிவு ஜட்ஜ் கையில் இல்லை, ஃபோன் ஓட்டில் இருக்கு. 2004-ல ஜெனிஃபர் ஹட்சனை ஏழாவது இடத்தோட வீட்டுக்கு அனுப்பினது அந்த ஓட்டுதான். 2007-ல அவங்க கையில ஆஸ்கர்! இன்னொண்ணு... 2008-லிருந்து 2012 வரை ஜட்ஜ் மேஜை தலைகீழா மாறியும், அஞ்சு வருஷமும் ஜெயிச்சது ஆண் பாடகர்கள்தான். பெரும்பாலும் கையில் கிடாரோட. மேஜை மாறினாலும் ஓட்டுப் போடற விரல் மாறலையே.

அப்ப ஜட்ஜ் மாறறது யாருக்குத்தான் முக்கியம்? டி.வி. முன்னாடி உட்கார்ந்திருக்கற நமக்கு இல்லை. வாசல்ல நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு வரிசையில் நிக்கறவங்களுக்கு.

இப்ப என் ரூம்மேட்டைப் பற்றிச் சொல்லணும். பேர் வேண்டாம், அடிப்பா. ஃபர்ஸ்ட் இயரில் எங்க காலேஜ் லைட் மியூசிக் டீமுக்கு ஆடிஷன் கொடுத்தா. பல்லவி முடியறதுக்குள்ள ஒரு ஜட்ஜ் கையைக் காட்டி, "போதும்மா... நெக்ஸ்ட்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு வருஷம் பாத்ரூமில்கூட பாடலை. ரூம்ல எஃப்.எம். ஓடும்போது உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. அந்த ஒரு 'நெக்ஸ்ட்' சொன்னவருக்கு அன்னைக்கு அவ முப்பதாவது ஆளாகூட இருந்திருக்கலாம். பசி நேரம் வேற.

இந்த வருஷம் அந்த பேனல் மாறுது. அவர் வர மாட்டாராம். "மச்சி, நம்பர் கொடு"ன்னு நான் நச்சரிக்க ஆரம்பிச்சேன். அவ கேட்டது நியாயமான கேள்வி: "புது ஆளும் அதையே சொன்னா?"

அவளுக்கு நான் காட்டின வீடியோ வில்லியம் ஹங் உடையது. பார்க்காதவங்க பாருங்க. பெர்க்லியில் சிவில் இன்ஜினீயரிங் படிச்ச பையன், நம்ம சாதி! 2003-ல ஆடிஷனுக்குப் போய் ரிக்கி மார்ட்டின் பாட்டை ஆடிப் பாடினார், 2004-ல டி.வி.யில் வந்தது. பாட்டும் வரலை, ஆட்டமும் வரலைன்னு சைமன் நேராவே சொல்லிட்டார். அதுக்கு அவர், என்னால முடிஞ்சதை செஞ்சுட்டேன், வருத்தமே இல்லைன்னு சிரிச்ச முகத்தோட சொன்னார். அதே வருஷம் ஆல்பமே வந்துச்சு. ஊர் சிரிச்சதுதான், இல்லைன்னு சொல்லலை. இதைப் பார்த்துட்டு என் ரூம்மேட், "அப்ப நான் ஹங்கா?"ன்னு தலையணையை எறிஞ்சா. செம அடி.

வேற வழியில்லாம கேரி அண்டர்வுட்டுக்கு வந்தேன். 2018-ல ஏ.பி.சி. சேனல் இந்த ஷோவை மறுபடி எழுப்பி கேட்டி பெர்ரி, லயனல் ரிச்சி, லூக் ப்ரையனை உட்கார வெச்சது. கேட்டி போனதும் 2025-ல அந்த நாற்காலிக்கு வந்தது கேரி. இருபது வருஷத்துக்கு முன்னாடி அதே ஷோவுல கை நடுங்க நின்ன பொண்ணு! 'நெக்ஸ்ட்' சொல்றதுக்கு முன்னாடி அவங்க ஒரு செகண்டாவது யோசிப்பாங்க இல்லையா? இதைச் சொன்னப்ப அவ பதில் பேசலை. மறுநாள் பாத்ரூமில் ஒரு ஹம்மிங் கேட்டது. நான் கேட்காத மாதிரி பக்கெட்டைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆடிட்டோரியத்துல ஆடிஷன். லிஸ்ட்ல அவ பேர் பதினேழாவது. ஜட்ஜ் யார்னு நோட்டீஸ் போர்டுல இன்னும் ஒட்டலை.