ஒளி தேடும் நாற்றுகள்

கண்டியிலிருந்து மேற்கே ஏறக்குறைய 6 கிலோமீற்றர் சென்றால், மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் பேராதனைப் பூங்காவை அடைவோம். 1821ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இப்பூங்காவின் மலர்ப் பாத்திகளைக் கண்டு மீளும்போது, வெள்ளிக்கிழமை சுவாமிப் படத்துக்குச் சாத்த நாலு பூவாவது நம் முற்றத்திலேயே பூக்காதா என்ற ஆசை எழுதல் இயல்பு. விதை வாங்கி விதைக்கிறோம். மூன்றாம் வாரத்தில் நாம் காண்பதோ, நூல்போல் நெடுத்து, வெளிறி, ஒருபுறமாய்ச் சாய்ந்து நிற்கும் நாற்றுகளையே.

இது கைராசியின் குறையன்று. ஹந்தானை மலையும் உடவத்தைக் காடும் அணைத்து நிற்கும் கிண்ணம் போன்றது கண்டி நகர். சரிவுகளிலுள்ள வீடுகள் பலவற்றுக்குக் காலை வெயில் தாமதித்து வரும். அன்றி, மாலை வெயில் முந்தி மறையும். தென்மேற்கு, வடகீழ்ப் பருவக்காற்றுகள் இரண்டும் இங்கு மழை தருவன. மழைக்கு அஞ்சி நாற்றுப்பெட்டியை விறாந்தையினுள் வைக்கிறோம். மழை படுவதில்லை, ஒளியும் படுவதில்லை. முளையின் நுனியே ஒளியை உணர்கிறதென்பதைச் சார்ள்ஸ் டார்வினும் அவர் மைந்தர் பிரான்சிசும் புல்முளைகளிற் சோதித்து 1880இல் வெளியிட்டனர். ஒளி குன்றினால், தண்டு தடிப்பதை விடுத்து நீள்வதற்கே முனைகிறது.

இத்தகைய நாற்றுகளைப் பிடுங்கி எறிதல் வேண்டா. செண்டுமல்லி, கொஸ்மஸ் ஆகியவற்றின் தண்டு, மண் பட்ட இடத்தில் வேர்விட வல்லது. விதையிலைகளுக்கு மேல் இரண்டு இலை விரிந்ததும், விதையிலைக்குச் சற்றுக் கீழ்வரை மண்ணுள் மறையுமாறு மாற்றி நடலாம். அடியில் துளையிட்ட பால்மாப் பேணி போதும். பெருஞ்சாடியில் வேர் எட்டாத மண் நீர் தேங்கிப் புளிக்கும். மண்ணுடன் மட்கிய எருவும் தும்புத்தூளும் கலந்துகொள்க. நாற்றை இலையிற் பிடித்தே தூக்குதல் வேண்டும். இலை போனால் வேறு வரும், தண்டு நசுங்கினால் மீட்சியில்லை.

சினியாவின் குணம் வேறு. வேரைக் கலைத்தால் அது பொறாது. ஆழ நட்டால், கண்டியின் ஈரத்தில் தண்டு அழுகவும் கூடும். நெடுத்த சினியாவோடு மல்லுக்கட்டுவதிலும் மீண்டும் விதைப்பது மேல் என்பது எம் கருத்து. ஒரு வாரத்துள் அது முளைத்துவிடும்.

மாற்றி நட்டபின் பேணிகளைப் பழைய மூலைக்கே கொண்டுசெல்வோரும் உளர்! முதலிற் காலை வெயில் ஒரு மணிநேரம், பின்னர் நாளுக்கு நாள் கூட்டிப் பழக்குதல் வேண்டும். பெருமழைக்கு, ஒளி புகும் பொலித்தீன் தாளை மேலே கட்டினாற் போதும்.

கன்றாகவே வாங்குவோர், உயரத்தைக் கண்டு மயங்கற்க. குட்டையாய், தடித்த தண்டும் நெருங்கிய இலையும் உள்ளதே நன்று. ஐயமுறும் மாணவர், ஒரே நாளில் விதைத்த இரு பேணிகளில் ஒன்றை விறாந்தையிலும் மற்றதை முற்றத்திலும் வைத்து, முளைத்தபின் பத்து நாள் அடிமட்டத்தால் அளந்து பார்க்கட்டும்.